சைகோன் குழுச் சுற்றுலா: பஸ்ஸுக்கு மார்க் உண்டு, பஃபேவுக்குக் கிடையாது

புதுச்சேரி, கடலூர்க்காரர்களைச் சேர்த்து வியட்நாமில் சைகோனுக்கு (இப்போது ஹோ சி மின் நகரம்) அழைத்துப்போகும் குழுச் சுற்றுலா எப்படி என்று எங்கள் பேக்கரிக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போய் வந்தவன் என்ற முறையில் எழுதிவிடுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இ-விசா வேலையை அவர்களே முடித்தார்கள். நாமே எடுத்தால் ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அதற்கு மேல் கொஞ்சம் வைத்து வாங்கினார்கள், பரவாயில்லை. அறை சுத்தம், பஸ்ஸில் ஏசி நன்றாக வேலை செய்தது, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.

சாப்பாட்டுக்கு வருவோம். மதியமும் இரவும் ‘இந்தியன் பஃபே’. ஆறின ‘நான்’ ரொட்டி, பன்னீர், மஞ்சளாக ஒரு பருப்பு. இதற்கு எதற்கு பிளேன் ஏறணும்? ஹோட்டலை விட்டு இறங்கினால் நடைபாதை முழுக்க முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஆவி பறக்கும் குண்டான்கள். விடிந்ததும் ஆபீஸ் போகிறவர்களெல்லாம் அங்கே உட்கார்ந்து ‘ஃபோ’ என்கிற நூடுல்ஸ் சூப் குடிக்கிறார்கள். நாங்களோ பஸ் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே பன்னீருக்குப் போனோம்.

நான் ரொட்டி போடுகிறவன், அதனால் ‘பான் மீ’யை விடவில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ரொட்டிதான், நம்மூரில் இருப்பது போலவே. ஆனால் அவர்களுடையது குட்டை. மேலோடு மெல்லிசு, கடித்தால் நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு. நாங்கள் போடுவதில் மேலோடு கெட்டி, மறுநாள் காலையில் தாடைக்கு வேலை. அவர்கள் ரொட்டியை நடுவில் கீறி, ஈரல் விழுது, பன்றி இறைச்சி, வினிகரில் ஊறிய கேரட் முள்ளங்கி, கொத்தமல்லி, பச்சை மிளகாய் என்று அடைத்துக் கொடுக்கிறார்கள். முட்டை மட்டும் வைத்தும் கேட்கலாம். தெருவண்டியில் முப்பதாயிரம் டாங் அளவில் கிடைக்கும். பயப்படாதீர்கள், ஒரு லட்சம் டாங்கே நமக்கு 300 ரூபாய்ச் சொச்சம்தான். கோழிக் கறிக்கும் அதே ரொட்டியைத் தொட்டுக்கொள்கிறார்கள். தேங்காய்ப்பால், எலுமிச்சம்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட கறி. காரம் நமக்குப் போதாது, வாசனை பிரமாதம்.

குழுவில் கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். பஃபேயில் தயிர் சாதம் இல்லை என்று கோபித்துக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டார். மேசையில் இருந்த மீன் சாஸை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “தம்பி, இது நெத்திலிக் கருவாட்டுத் தண்ணிப்பா!” என்றார். சரிதான், நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பதுதான் அது. அப்புறம் அந்த அம்மாவைப் பஃபே பக்கம் பார்க்க முடியவில்லை. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிப் பொரியலில்கூட இந்தச் சாஸ் இருக்கும். ‘சாய்’ என்று எழுதிய பௌத்த சைவக் கடைகளில் சாப்பிடுங்கள், நிம்மதி.

காபி தனி ரகம். கோப்பை மேல் சின்ன வடிகட்டி, சொட்டுச் சொட்டாக இறங்கும் ரொபஸ்டா டிகாஷன், அடியில் கெட்டிப்பால், நிறைய ஐஸ். நம் டிகாஷனைவிடக் கசப்பு அதிகம். சாயங்காலம் குடித்தால் தூக்கம் போச்சு.

பார்க்கும் இடங்களில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று. ‘பென் தான்’ என்கிற சந்தையில் எங்களை இறக்கிவிட்டு, அடுத்ததாக ஒரு முத்துக் கடைக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். சந்தையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டியது. அது திட்டத்திலேயே இல்லை! நானாகத்தான் போனேன். உள்ளே கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். ஊதுபத்திக் கட்டோடு வருகிறார்கள், கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து மெதுவாக ஏதோ சொல்லி வேண்டிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே போலீசாகவும் சுங்க இலாகா சிப்பந்தியாகவும் போனார்கள். எங்கள் தெருவில் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) வீட்டில் இன்னும் பண்டிகைக்கு ‘நேம்’ என்கிற வியட்நாம் ரோல் பொரிப்பார்கள், அங்கிருந்து வந்த பாட்டியின் கைப்பக்குவம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களை அழைத்துப்போய் முத்துக் கடையில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

தபால் நிலையம் அழகு, 1886-இல் தொடங்கி 1891-இல் முடித்தது, இன்றும் தபால் போடலாம். ஈபிள் டவர்க்காரர் ஈபிள் கட்டியது என்று வழிகாட்டி அடித்துவிட்டார். கட்டியவர் ஆல்ஃபிரெட் ஃபூலு. மீகாங் ஆற்றுப் படகும் தேங்காய் மிட்டாயும் சுமார். போர்க்காலத்தில் வியட்நாம் போராளிகள் பதுங்கிய கூச்சி சுரங்கம் அவசியம் பாருங்கள், ஆனால் மூட்டு வலிக்காரர்கள் உள்ளே இறங்க வேண்டாம், குனிந்தபடியே போகணும். ரோடு கடக்கும்போது ஓடாதீர்கள், நடுவில் நிற்கவும் செய்யாதீர்கள். ஒரே வேகத்தில் நடந்தால் மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிப் போய்விடும்.

மறுபடி இவர்களோடு போவேனா என்றால், டிக்கெட், விசா, அறை, காலைச் சாப்பாடு மட்டும் போட்டுக் கொடுத்தால் போவேன். பஃபே காசைக் கழிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். “குரூப்ல அது கஷ்டம் சார், அடுத்த தடவை பார்க்கலாம்” என்றார்கள். நீங்களும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். நாலு பேர் கேட்டால் இறங்கி வருவார்கள்.