இரவிகுளம்: வரையாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதாது

ஆயுத பூஜை விடுமுறையில் கடலூரிலிருந்து சுற்றுலா வேன் ஒன்றில் இடம் பதிவு செய்து, அம்மாவையும் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு மூணாறு சென்று வந்தேன். எதைப் பார்ப்பதற்காகப் பணம் கட்டினேனோ அந்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். பூங்காவுக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுப்பேன். அழைத்துச் சென்றவர்களுக்குப் பாதி கொடுக்கவும் மனம் வரவில்லை.

மஞ்சக்குப்பத்தில் இரவு 9 மணிக்கு ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன வண்டி 11 மணிக்கு மேல் வந்தது. திருச்சி, திண்டுக்கல், தேனி வழியாகப் போடிக்குப் போய், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. நேரம் போனதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு மசாலாக் கடையிலும் ஒரு சாக்லேட் கடையிலும் சாவகாசமாக நிறுத்தினார்கள். வண்டியை விட்டு இறங்க மறுத்தவன் நான் ஒருவன்தான்.

பூங்காவுக்குள் வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலையில் நடை. விளம்பரத்தில் ‘மலையேற்றம்’ என்று இருந்ததை நம்பிப் புதிதாக பூட்ஸ் வாங்கி வந்திருந்த அக்கா மகனுக்கு ஏமாற்றம். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கோ அதுவே வரமாயிற்று. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை என்ற பெருமையோடு, மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறது. மேட்டு நிலமெங்கும் புல்வெளியாகவும், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலையாகவும் மலை பிரிந்து கிடப்பதை இங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. பெய்த மழையைப் புல்லும் சோலையும் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுவதால், பாதையோரப் பாறை மழை இல்லாத நேரத்திலும் ஈரமாகவே இருந்தது.

இரண்டாவது திருப்பத்தில் வரையாடு ஒன்று குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. கையெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால், அவ்வளவுதான். பின்னோக்கி வளைந்த கொம்பில் குறுக்கு வரிகள், பனித்துளி படிந்த முதுகு மயிர், புல்லைப் பிடுங்கும்போது எழுந்த நறநறவென்ற ஓசை என எல்லாம் அத்தனை அருகில். “நம்ம தெரு ஆடு மாதிரிதான் மேயுது, ஆனா ஒரு பயமும் இல்ல பாரு” என்றார் அம்மா. சற்று நேரத்தில் மூடுபனி இறங்கி ஆட்டை மறைத்துவிட்டது. மெல்லும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கப் பாடல்களில் வருடை என்று வருகிற விலங்கு இதுதான் என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கக் கேரளத்துக்குப் போக வேண்டியிருந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் வேட்டையாடிய மலை இது. 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. வரையாடுகளின் அச்சம் தெளிந்தது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

குறிஞ்சிச் செடிகள் இருக்கின்றன, பூ இல்லை. 2018இல் பூத்தது, இனி 2030இல்தான்.

பனி விலகட்டும் என்று நாங்கள் காத்து நின்றபோது வேன் வழிகாட்டியிடமிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது. கீழே ஏதோ படகுத் துறைக்கு நேரமாகிறதாம். பாதையின் கடைசி வளைவைப் பார்க்காமலே திரும்பினோம்.

போக நினைப்பவர்கள் தேனி வரை பேருந்தில் போய், அங்கிருந்து மூணாறுக்கு வண்டி மாறி, இரவு தங்கி, காலை முதல் நடைப் பேருந்திலேயே மேலே ஏறிவிடுங்கள். குட்டி ஈனும் காலமென்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். ஸ்வெட்டர் அவசியம், கடற்கரைக் காற்றுக்குப் பழகிய நமக்கு அந்தக் குளிர் காதில்தான் முதலில் ஏறுகிறது.