மாட்டுப் பாதையும் பட்டாளத்துப் பாதையும்: ஆல்ப்ஸில் ஐந்து கோடைகள்

கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்கியபோது கடைக்காரர் அரை மணி நேரம் சட்டகத்தின் எடையைப் பற்றியே பேசினார். ஐந்து கோடைகள் போய்விட்டன. மீட்டர் 9,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட ஆல்ப்ஸ் மலையின் மேய்ச்சல் நிலங்களில் எனக்கு உதவவில்லை. பாதையை யார், எதற்காக வெட்டினார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள் என ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் ஆண்டின் முழங்கால் வலியாவது மிச்சமாகியிருக்கும்.

இங்குள்ள சரளைப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காக வந்தவை அல்ல. கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று, பாலையும் பாலாடைக்கட்டியையும் கீழே கொண்டுவரப் போட்டவை ஒரு வகை. எல்லைக் காவலுக்கு இராணுவம் போட்டவை இன்னொரு வகை. அணை கட்டும் வேலைக்காகப் போட்டவை மூன்றாவது. வரைபடத்தில் மூன்றுக்கும் ஒரே கோடுதான். கால்கள்தான் வித்தியாசத்தைச் சொல்லும். டிராக்டர் வைத்திருப்பவருக்கு 18 சதவீத ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. சுற்றி வளைத்துப் பாதை போடுவதைவிட நேரே ஏற்றிவிடுவது அவருக்குச் செலவு குறைவு. பீரங்கியும் கோவேறு கழுதையும் அப்படி ஏறமாட்டா என்பதால் பட்டாளம் பொறுமையாகக் கொண்டை ஊசி வளைவுகளை வெட்டியது.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில் உள்ள வால் மோரா பள்ளத்தாக்கு. ஸ்குவோலிலிருந்து ஷ்சார்ல் கிராமம் வழியாக 2,251 மீட்டர் உயரமுள்ள கொஸ்டைனாஸ் கணவாயைக் கடந்து முஷ்டைர் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுநாள் டோஸ் ரதோண்ட் மேட்டின் வழியாக வால் மோராவுக்குள் நுழைந்து, இத்தாலியின் கான்கானோ ஏரிகளைத் தொட்டு போர்மியோவில் முடிப்பது திட்டம். முதல் நாள் சொகுசாகவே போனது. தமாங்கூர் காட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு பைன் மரங்களுக்கு நடுவே பாதை மெதுவாகத்தான் உயர்கிறது. மறுநாள் காலை சாந்தா மரியாவிலிருந்து கிளம்பினேன். ஊர் 1,375 மீட்டரில் இருக்கிறது, மேடு 2,234 மீட்டரில். நடுவில் இருக்கும் ஏற்றத்தில் ஓரிடத்தில் பின்சக்கரம் சரளையை வாரியிறைத்துவிட்டு நின்றேவிட்டது. இறங்கித் தள்ளினேன். வேலிக்கு அப்பால் அசைபோட்டுக்கொண்டிருந்த பசு ஒன்று, நான் வளைவைத் தாண்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தது.

அப்போது சைக்கிளில் முன்புறம் 40 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு 42 பற்கள். எளிமை, சங்கிலி கழலாது என்று விற்கப்படும் அமைப்பு அது. சுமையில்லாமல் ஓட்டினால் குறையே இல்லை. பைகளில் எட்டுக் கிலோ ஏறியதும் கதை மாறிவிடுகிறது. இரண்டாவது ஆண்டு ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் கியர் வரிசையில் முன்புறம் 46, 30 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள், பின்புறம் 11 முதல் 34 பற்கள் வரை என்று மாற்றினேன். கணக்குப் போட்டால் கடைசி கியர் சுமார் 7 சதவீதம்தான் இலேசாகியிருக்கிறது. இருந்தும் அதே ஏற்றத்தில் அடுத்த ஆண்டு இறங்கவில்லை. அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே இடைவெளி குறைவு என்பதால் மூச்சுக்கேற்ற வேகம் சுலபமாக அமைகிறது. இன்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் சட்டகத்தில் மிச்சம் பிடித்துக் கியரில் போடச் சொல்வேன்.

டயர் விஷயத்தில் பிடிவாதம் பிடித்து ஒரு ரிம்மைப் பலிகொடுத்தேன். 38 மில்லிமீட்டர் போதும் என்று நினைத்த காலம். ஆஸ்திரியாவின் கார்வெண்டெல் மலையில், ஷார்னிட்ஸிலிருந்து ஏறி 1,803 மீட்டரில் உள்ள ஹோகால்ம் கணவாயைத் தாண்டி, சிறிய அஹோர்ன்போடன் என்ற புல்வெளியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கே இறக்கத்தில் கைமுட்டி அளவுக் கற்கள் உருளும். மேய்ச்சல் பாதைகளில் மழைநீர் சரளையை அரித்துக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே சாய்வாக ஒரு வாய்க்கால் பதித்திருப்பார்கள். இரண்டு மரக்கட்டைகள், அல்லது இரண்டு இரும்புப் பட்டைகள், நடுவே ஒரு சாண் பள்ளம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் இடத்தில் அப்படி ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. டங்கென்று ஒரு சத்தம். பின் ரிம்மின் ஓரம் நகம் பதிந்த களிமண்போல உள்ளே மடிந்திருந்தது. டியூப்லெஸ் டயருக்குள் இருந்த வெள்ளைத் திரவம் அந்த மடிப்பின் வழியாகக் கொப்பளித்து என் முதுகுப்பை முழுவதும் தெறித்தது. முள் குத்திய ஓட்டையை அடைக்கும் திரவம் நெளிந்த ரிம்மை என்ன செய்யும்? அன்று காப்பாற்றியது சேணத்தின் (இருக்கையின்) அடியில் கட்டியிருந்த சாதாரண டியூப்தான். இப்போது 45 மில்லிமீட்டர், காற்றழுத்தம் என் 72 கிலோ உடம்புக்கு முன்னால் 1.9 பார், பின்னால் 2.1. டியூப் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு பேச்சு. மென்மையான ரெசின் பட்டைகள் நகரத்துக்கு நல்லவை. மழையும் சரளைத் தூளும் சேர்ந்த மலையிறக்கத்தில் ஒரே நாளில் தேய்ந்து தீர்ந்துவிட்டன. உலோகத் தூளை அழுத்திச் சுட்டெடுத்த சின்டர்டு பட்டைகள் ஈரத்தில் ஊரைக் கூட்டும் அளவுக்குக் கத்துகின்றன, ஆனால் நிற்கின்றன.

மாடுகளை மறந்துவிட்டு இந்தப் பாதைகளைப் பற்றிப் பேச முடியாது. ஜூனில் மேலே வந்து செப்டம்பரில் இறங்கும்வரை அந்த மேய்ச்சல் நிலத்தின் குடியிருப்பாளர்கள் அவைதாம். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகுந்துவிடக் கூடாது; சைக்கிளிலிருந்து இறங்கி, விலகி, மெதுவாக நடக்க வேண்டும். 2014-ல் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துப் பின்னிஸ் பள்ளத்தாக்கில் பசுக்கள் தாக்கி ஒரு பெண் இறந்த பிறகு எச்சரிக்கைப் பலகைகளுக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆட்டு மந்தையைக் காக்கும் வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் வேகமெடுத்துத் தப்பிக்க நினைப்பது வீண். இறங்கி நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியான குரலில் எதையாவது பேசினால் போதும். நான் தமிழில்தான் பேசினேன். வந்த நாய் சற்று யோசித்துவிட்டுப் போய்விட்டது.

மின்வேலிக் கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடியே, பூட்டியிருந்தால் பூட்டியபடியே விட வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடிக்காமல் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை ஈரக் கையுறையோடு சோதித்துப் பார்த்திருக்கிறேன், நீங்கள் சோதிக்க வேண்டாம். மாடு தாண்டாமலிருக்கப் பாதையில் பதித்த இரும்புக் குழாய் வரிசையை மழையில் நேர்க்கோட்டில் மட்டுமே கடக்க வேண்டும், சாய்த்தால் விழுவீர்கள். இன்னொன்று, யாரும் சொல்லித்தராத ஒன்று: முன்சக்கரம் வாரியெறியும் சாணம் நேராகத் தண்ணீர்ப் புட்டியின் வாயில் போய் உட்காரும். மூடியுள்ள புட்டி வாங்குங்கள். ஒரு கோடை முழுக்க வயிற்றைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் இந்தத் தெளிவு எனக்கு வந்தது.

பட்டாளத்துப் பாதை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதிக்குப் போக வேண்டும். மேயானா டி சூசாவிலிருந்து ஃபினெஸ்ட்ரே கணவாய்க்கு 18.5 கிலோமீட்டர், கடைசி எட்டுக் கிலோமீட்டர் சரளை, உச்சி 2,178 மீட்டர். சராசரி 9 சதவீதத்துக்கு மேல் என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஏற்றம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு கியரைப் போட்டுவிட்டுக் கணவாய்வரை அதிலேயே போகலாம். இத்தாலியைச் சுற்றும் ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம் 2005-ல் முதன்முறை இங்கே வந்தது. 2018-ல் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் இந்தச் சரளையில்தான் எல்லோரையும் விட்டுப் பிரிந்து போனார். அங்கிருந்து தொடரும் அசியெட்டா பாதை செஸ்ட்ரியேரே வரை மலை முதுகிலேயே ஓடுகிறது. பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலேயேதான். ஐந்து ஆண்டுகளில் நான் ஓட்டியவற்றில் இதற்குத்தான் முதலிடம். ஒரே குறை, மோட்டார் சைக்கிள்களின் புழுதி.

அணைப் பாதைக்கு கான்கானோ நல்ல உதாரணம். ஏரிக்கரையில் சமதளச் சரளை, பிறகு ஃப்ராயேலே கோபுரங்களிலிருந்து வளைவு வளைவாகத் தார்ச்சாலையில் இறக்கம். குழந்தைகளோடும் போகலாம். வால் மோராவிலிருந்து அங்கே வருகிறவர்கள் மட்டும் ஓரிடத்தில் கவனிக்க வேண்டும்: பாதை கல்சரிவின் குறுக்கே ஒற்றையடியாகக் குறுகுகிறது. அங்கே இறங்கி நடப்பதில் எனக்கு வெட்கமில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் 1975-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, திறந்துவிடப்பட்ட வழித்தடங்களைத் தவிர மற்ற வனச்சாலைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளுக்கு இடமே இல்லை. சுவிஸ் இன்டர்சிட்டி ரயில்களில் கோடையில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும். அது தெரியாமல் ஒருமுறை நடைமேடையில் நின்றபடி ரயிலுக்குக் கையசைத்திருக்கிறேன்.

வாங்கி வீணானவை: அதிர்வு தாங்கும் சேணத் தண்டு (அகன்ற டயரே அந்த வேலையைச் செய்கிறது), இரண்டாவது விளக்கு, காற்றைக் கிழிக்கும் என்று விளம்பரம் செய்த சட்டை. உதவியவை: பால்பண்ணைகளின் வாசலில் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குப் போடச் சில்லறை பிராங்க் நாணயங்கள், சங்கிலியைக் கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஒன்று கூடுதலாக, பகல் இடிமழைக்கு முன்னால் கணவாயைத் தாண்ட வைக்கும் காலை ஐந்து மணி அலாரம். 2,300 மீட்டருக்கு மேலே ஜூன் இறுதியிலும் நிழற்பகுதிகளில் பனி கிடக்கும் என்பதால் நான் ஜூலைக்கு முன் கிளம்புவதில்லை.

இந்த ஆண்டும் அசியெட்டாதான். ஜூலை, ஆகஸ்டில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் பகலில் அங்கே மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. புதன்கிழமைக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது.