மடக்குக் குறடு வாங்கப் போறீங்களா? விங்மேன், ரீபார், வேவ், ஸ்பிரிட்: எங்கள் உப்புக்காற்றுக்கு எது சரி

நடைபாதைக் கடைக்காரர் "15 சாமான் ஒன்றுக்குள்ள" என்று பளபளக்க ஒரு மல்டிடூலை நீட்டினால், மற்ற 14 ஐயும் விட்டுவிட்டுக் குறட்டு வாயை மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது நுனியில் இடைவெளி தெரிந்தாலோ, இரண்டு தாடையும் நேராகப் பொருந்தாமல் சரிந்து நின்றாலோ, கைபிடியை இலேசாக முறுக்கும்போதே மூட்டு ஆடினாலோ, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். கத்தியும் திருப்புளியும் எல்லார் வீட்டிலும் உண்டு. பொக்கெட்டுக்குள் ஒரு குறடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு காசு கொடுக்கிறோம்.

இந்தச் சாமான் பிறந்த கதையும் அதுதான். அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, கையில் கத்தி இருந்தும் குறடு இல்லாமல் திண்டாடியிருக்கிறார். அவருடைய முதல் மல்டிடூல் 1983இல் விற்பனைக்கு வந்தது.

சரி, விலைக்குப் பெறுமதியானது எது? என் கணக்கில் போட்டி அவருடைய லெதர்மேன் கொம்பனியின் விங்மேனுக்கும் ரீபாருக்கும் இடையில்தான்.

விங்மேன் அந்தக் கொம்பனியின் மலிவான முழு அளவுக் குறடுகளில் ஒன்று. 14 சாமான், எடை 200 கிராமுக்குக் கிட்ட. குறட்டில் ஸ்பிரிங் இருப்பதால் பிடியைத் தளர்த்தியதும் வாய் தானாகத் திறக்கும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு கையில் துள்ளுகிற பாரையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அதன் தொண்டைக்குள் போன தூண்டில் முள்ளைக் கவ்வி இழுக்கிறவருக்கு, கையெல்லாம் வழுவழுவென்று இருக்கிற நேரத்தில், இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடியை விரிக்கத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். கத்தியும் கத்தரிக்கோலும் வெளிப்பக்கம் இருப்பதால், தங்கூசி வெட்டக் குறட்டைத் திறக்க வேண்டியதில்லை. டின்மீன் திறக்கவும் வசதி உண்டு. குறை என்னவென்றால், வயர் வெட்டும் பகுதி தாடையோடு ஒன்றாய் வார்த்தது. கடினமான முள்ளையோ உருக்குக் கம்பியையோ வெட்டி அதில் பல் விழுந்தால் அது அப்படியே கிடக்கும். அப்புறம், உள்ளே இருக்கிற திருப்புளிகளுக்குப் பூட்டு இல்லை. இறுகிய திருகாணியை அழுத்தித் திருப்பும்போது மடங்கி விரலைக் கடிக்கலாம்.

ரீபாரில் இந்த இரண்டு குறையும் இல்லை. வெட்டும் பகுதி 154சிஎம் என்ற உருக்கு வகையில் தனியாகப் பூட்டப்பட்டது, தேய்ந்தால் கழற்றிப் புதிது போடலாம். உள்ளே இருக்கிற எல்லாமே பூட்டி நிற்கும். எடை 190 கிராம் அளவில், விங்மேனை விடச் சற்றுக் குறைவு. வாளும் அரமும் உண்டு. கத்தரிக்கோல் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கத்தி எடுக்க இரண்டு கையாலும் கைபிடியை விரிக்க வேண்டும். விலையும் கூட. போட் எஞ்சினோடும் வயரோடும் தினம் மல்லுக்கட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பொக்கெட் இல்லாத சாரத்தோடு கடலுக்குப் போகிறவர் அதில் உள்ள வளையத்தில் கயிறு கட்டிக்கொள்ளலாம், இடுப்புப் பட்டி உறை அவருக்கு எதற்கு? நிலாவெளிப் பக்கம் விடுமுறைக்குத் தூண்டில் போடுகிறவர், மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிறவர், வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்கிறவர் எல்லாருக்கும் விங்மேன் போதும், மிச்சக் காசு பையில் இருக்கட்டும்.

லெதர்மேனின் வேவ் பிளஸ் பற்றிக் கேட்பீர்கள். 18 சாமான், 240 கிராம், ஒரு கையால் திறக்கிற கத்தி, மாற்றக்கூடிய வெட்டும் பகுதி, கத்தரிக்கோல் எல்லாம் சேர்ந்தது, நல்ல சாமான்தான். ஆனால் அந்த விலையில் பாதிக்குச் சற்று மேல் கொடுத்தால் விங்மேன் கிடைக்கும்போது, "பெறுமதி" என்ற கேள்வியில் அது தோற்றுப்போகிறது. சுவிஸ் கொம்பனியான விக்டோரினொக்ஸின் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் இன்னொரு ரகம். குறட்டைத் திறக்காமலே எல்லாச் சாமானையும் வெளியே இருந்து எடுக்கலாம், எடுத்ததும் பூட்டிக்கொள்ளும், மூட்டுகளின் நேர்த்தியில் மற்ற மூன்றும் அதற்குக் கிட்ட வராது. யாராவது வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எதை வாங்கினாலும் கறள் விஷயத்தில் ஏமாறக்கூடாது. லெதர்மேனின் 420எச்சி துருவேறா உருக்குத்தான், ஆனாலும் கடல்நீர் பட்டு உப்போடு மடித்து வைத்தால் மூட்டுக்குள் புள்ளி புள்ளியாகக் கறள் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, விரித்துக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். லெதர்மேன் 25 வருட உத்தரவாதம் தருகிறது. விக்டோரினொக்ஸ் உருக்கிலோ செய்நேர்த்தியிலோ குறை இருந்தால் அதற்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறது. போலிச் சாமானுக்கு இரண்டுமே கிடையாது, அதனால் பற்றுச்சீட்டு இல்லாமல் "ஒரிஜினல்" என்று சத்தியம் பண்ணுகிறவரிடம் பெரிய காசு கொடுக்காதீர்கள்.

இந்த நான்கின் கைபிடியும் வெறும் உலோகம். வீட்டு 230 வோல்ட் வயரில் எதையும் வைத்துவிடாதீர்கள், மெயின் சுவிட்சை நிறுத்தினால் கூட. அதற்கு ஹாட்வெயார் கடையில் 1000 வோல்ட் என்று பொறித்த காப்புப் பிடிக் குறடு இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே சாமான் பெட்டி வைத்திருக்கிறவர், வெளியே அதிகம் திரியாதவர் என்றால், அந்தக் குறட்டையும் ஒரு நல்ல மடக்குக் கத்தியையும் தனித்தனியாக வாங்குவதுதான் இலாபம். விமானத்தில் போகும்போது மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள்.