120 ரூபாய் ஈ.எஸ்.ஐ. கார்டு: மில்லில் கை போனவர்கள் கேட்டு வாங்க வேண்டியது

ஈ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், எனக்குப் பிடித்த விசயம் இதுதான், ஆனால் நம்ம பக்கம் மில்லில் அடிபட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனமாகி, அதனாலேயே வேலையை விட்டவர், மாதம் 10 ரூபாய் கணக்கில் ஒரு வருசத்துக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் போதும். வேலையில் இருந்திருந்தால் என்றைக்கு ரிட்டயர் ஆகியிருப்பாரோ அதுவரை அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் உண்டு. ஊனத்துக்காக ஆயுசுக்கும் வருகிற பணம் தனி.

எங்கள் மாமா சூலூர்ப் பக்கம் நூல் மில்லில் இருந்தவர், பஞ்சு சீவுகிற கார்டிங் மெஷினில் மாட்டி வலது கையில் நாலு விரல் போச்சு. இப்போது அவருக்குச் சர்க்கரை, பிரஷர், அத்தைக்கு முழங்கால் வலி, எல்லாம் இந்தக் கார்டில்தான் ஓடுகிறது. கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ஆனால் நன்றாகப் பார்க்கிறார்கள். வெளியே வாங்கினால் ஒரு மாதத்து மாத்திரைக்கே 120 ரூபாய் பத்தாது.

கார்டு வாங்குவதுதான் பாடு. மில்லில் கொடுத்த கடிதத்தில் "சொந்தக் காரணத்தால் விலகினார்" என்று ஒரே வரி. "அடிபட்டதாலதான் நின்னாருன்னு இதுல இல்லீங்களே" என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுண்டருக்கு முன்னால் அந்தக் கையோடுதான் மாமா நிற்கிறார், ஊனம் எத்தனை சதவீதம் என்று மெடிக்கல் போர்டு போட்ட உத்தரவும் அவர்களிடமே இருக்கிறது! அப்புறம் மில்லுக்கு நடந்து, கெஞ்சி, வேறு கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நடந்தது. அதனால் கணக்கு முடிக்கும்போதே, கையெழுத்துப் போடும் முன், வேலையில் ஏற்பட்ட ஊனத்தால் நின்றார் என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள்.

பக்கவாதம் மாதிரி நோயால் நின்றவர்களுக்கு இந்த வழி இல்லை. ஆனால் குறைந்தது 5 வருசம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) அல்லது முன்கூட்டியே ஓய்வு என்று அத்தாட்சி காட்டினால் அதே 120 ரூபாயில் புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

எனக்கு ஆறாதது, பிள்ளைகள் இதில் சேர மாட்டார்கள் என்பதுதான். நாற்பது வயசுக்காரர் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதானே இருக்கும்? குடும்ப வருமானம் வருசம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கிக் கலெக்டர் ஆபீசில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டிலும் பதிந்து வைத்துவிடுங்கள்.