குடும்ப வாட்ஸ்அப் குழுவா, ஞாயிற்றுக்கிழமை போனா?

ஊரைவிட்டு வேலைக்கு வந்தவர்கள் சொந்தபந்தத்தோடு ஒட்டியிருக்க எது உதவும்?

செலவு
குழு: டேட்டாவோடு சரி.
போன்: காசில்லை, நேரம்தான். பெரியம்மா எடுத்தால் முக்கால் மணி நேரம் போச்சு.

எளிமை
குழு: காதுகுத்துத் தேதியை எல்லோருக்கும் ஒரே தட்டில் சொல்லிவிடலாம். 1024 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவைத் தக்கவைக்க முடியும் என்கிறார் பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார். (இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு 15 பேரே அதிகம்.)
போன்: "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்ற முதல் கேள்வியைத் தாண்டணும்.

ஒட்டுதல்
குழு: ரோஜாப்பூ காலை வணக்கம். துக்கச் செய்தி வந்தால் ஒருவர் போட்ட 'ஆழ்ந்த இரங்கல்' அப்படியே வரிசையாக வரும்.
போன்: "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதற்கு முன் விழுகிற சின்ன இடைவெளி. குரல் கம்மியிருப்பது. அது எந்த எமோஜியிலும் வராது.

சேதி பரப்பக் குழு போதும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, துக்கம் நடந்து பதினாறாம் நாள் முடிந்து வீடு காலியானவர்களுக்கு, போன்தான். குழுவில் பேசாமல் 'பார்த்துவிட்டு' மட்டும் போகிற சித்தப்பாவுக்கும்.