அரிப்புக்கும் தும்மலுக்கும் நான்கு குளிசைகள்: மலையில் வேலை செய்பவருக்கு எது பொருந்தும்?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எந்த டவுன் பாமசியில் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டாலும் மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: பிரிட்டோன் என்று எல்லோரும் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின். அரிப்பையும் தும்மலையும் கிளப்புவது உடலே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள்; அது போய் ஒட்டும் எச்1 ஏற்பியில் போய் உட்கார்ந்து அதைத் தடுப்பவைதான் நான்கும். எது எவ்வளவு மூளைக்குள் நுழைகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். சரிவில் நின்று கவ்வாத்துக் கத்தி பிடிப்பவரும், றம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்டுபவரும் விலைக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டோன்தான் மலிவு, பழசும் அதுதான். பெரியவர்களுக்கு 4 மில்லிகிராம், 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 24 மி.கி.ஐத் தாண்டக்கூடாது. அரிப்பை அடக்கும், மூக்கு ஒழுகுவதையும் காயவைக்கும். ஆனால் மூளையில் விழிப்பைக் காத்து நிற்பதும் ஹிஸ்டமின்தான். மூளையை ஸ்கேன் செய்து ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது, இந்த மருந்து சாதாரண அளவிலேயே அங்குள்ள எச்1 ஏற்பிகளில் பாதியளவைப் பிடித்திருந்தது. போதாக்குறைக்கு இதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 20 மணித்தியாலம். இராத்திரி போட்ட குளிசையில் பாதிக்கு மேல் காலையில் பெரட்டுக்குப் போகும்போதும் இரத்தத்தில் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று சொல்பவரின் கைவேகமும் கவனமும்கூடக் குறைந்திருக்கும். அது அவருக்கே தெரியாது. சாராயத்தோடு சேர்ந்தால் இரண்டு மடங்கு மோசம். வாய் உலர்வது, மலச்சிக்கல் எல்லாம் கூட வரும். புரொஸ்டேட் வீங்கிய வயதானவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோயில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவருக்கும் ஆகாது. மறுநாள் வேலை இல்லாத இரவுக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.

எங்கள் முதல் தேர்வு செட்டிரிசின். 10 மி.கி., நாளைக்கு ஒன்றே ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் வேலை தொடங்கும், ஒரு நாள் தாங்கும். ஹைட்ரொக்சிசின் என்ற, தூக்கம் வரவைக்கும் பழைய அரிப்பு மருந்தை உடல் மாற்றி உண்டாக்குவதே இது. மூளையின் வாசலில் உள்ள ஒரு புரதம் இதைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவதால் உள்ளே போவது குறைவு. மேசையில் "தூக்கமே வராது" என்று சொல்லி விற்பது மட்டும் சரியில்லை. 10 மி.கி. எடுத்தவர்களில் 100க்கு 14 பேர் அளவில் தூக்கக் கலக்கம் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 6 பேர். ஆகவே முதல் குளிசையை இரவில் போட்டுப் பார்ப்பது புத்தி. சிறுநீரகம் பழுதான ஆளுக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் சிறுநீரில்தான் போகிறது. பதுளை, மொனராகலைப் பக்கம் சிறுநீரக நோயாளர் வீட்டில் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

லோரடடின் 10 மி.கி. தூக்கம் இன்னும் குறைவு, வேகமும் குறைவு. தோலில் ஹிஸ்டமினைக் குத்தி எழும் தடிப்பை எது எவ்வளவு அடக்குகிறது என்று பார்க்கும் சோதனைகளில் செட்டிரிசினுக்குப் பின்னால்தான் நிற்கிறது. தும்மலுக்குப் போதும், தோல் தடித்து அரிக்கும் காணாக்கடி கடுமையாக இருந்தால் ஏமாற்றம்.

ஃபெக்ஸோஃபெனடின் விலை கூடியது. வாகனச் சாரதிக்கும் தொழிற்சாலை ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் அந்த விலை தகும், மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை. தும்மலுக்கு 120 மி.கி., காணாக்கடிக்கு 180. இதன் தாய் மருந்தான டெர்ஃபெனடின், எரித்ரோமைசின் போன்றவற்றோடு சேர்ந்து இதயத் துடிப்பைக் குழப்பியதால் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சந்தையை விட்டுப் போனது. உடலுக்குள் அது மாறி உண்டாகும் பொருளுக்கு அந்தக் குறை இல்லை. அதுவே இந்தக் குளிசை. தோடம்பழச் சாறோடு விழுங்கினால் குடலில் உறிஞ்சப்படுவது குறையும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றெரிவு மருந்தும் அப்படியே; இரண்டுக்கும் நடுவில் 2 மணித்தியாலம் விட வேண்டும். "விலை கூடியது, ஆனால் கேட்கவில்லை" என்று குறை சொல்பவர் முதலில் எதோடு குடித்தார் என்று பார்க்கட்டும்.

எந்தக் குளிசையும் செய்யாத வேலைகள் உண்டு. லயத்து அடுப்புப் புகையால் வரும் மூக்கெரிவுக்கு ஹிஸ்டமின் முக்கிய காரணம் இல்லை. புகைபோக்கி வைத்தால் நிற்கும், செட்டிரிசினால் நிற்காது. ஈரச்சுவரின் பூஞ்சணத்தால் மூக்கு அடைத்தே கிடந்தால் குளிசையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீரொய்ட் ஸ்பிரே மேல், ஆனால் ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடிக்க வேண்டும். அட்டைக் கடியின் அரிப்புக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான்.

குளவி கலைந்து கொட்டும்போது நடக்கும் பிழைதான் ஆபத்தானது. பிரிட்டோனைக் கொடுத்துவிட்டுப் படுக்கவைத்து, சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், தலைசுற்று, திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தேவை அட்ரினலின் ஊசி: பெரியவருக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றாது, அடைத்த மூச்சுக்குழாயையும் திறக்காது. அந்த நேரத்தில் உடலில் கொட்டுவது ஹிஸ்டமின் மட்டும் இல்லை. ஆளை எழுப்பி நடக்கவைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும்வரை காலைச் சற்று உயர்த்திக் கிடத்துங்கள். மூச்சு முட்டுகிறவர் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

கடலிலிருந்து மலைக்கு ஏறிவரும் பலயா, கெலவல்லா மீனிலும் இதே சங்கதி உண்டு. வழியில் ஐஸ் குறைந்தால் பக்டீரியா மீன்தசையின் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்தால் செட்டிரிசின் நன்றாகவே கேட்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் அது மீன் ஒவ்வாமை அல்ல, மீன்தான் பழுது.

வாங்கும்போது ஒரு விஷயம். பட்டையிலிருந்து வெட்டி வெள்ளைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தால், பெயரையும் மில்லிகிராமையும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஏற்கெனவே உள்ள தடிமன் மருந்திலும் இருமல் பாணியிலும் குளோர்பெனிரமின் கலந்திருப்பது வழக்கம். தெரியாமல் பிரிட்டோனையும் சேர்த்தால் அளவு இரட்டிக்கும். பிள்ளைகளின் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு குளோர்பெனிரமின் 2 மி.கி., செட்டிரிசின் 5 மி.கி. என்று இருக்கும். ஒன்றின் அளவை மற்றதற்கு மாற்றிப் போடாதீர்கள். தேக்கரண்டியால் ஊற்றவும் வேண்டாம், போத்தலோடு வரும் அளவு மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சே சரி.