குரோசானும் வான்சென் கோட்டையுமா, நாட்டாவும் சாவ் ஜார்ஜ் கோட்டையுமா?

ஒரே நாளில் பேஸ்ட்ரி வகுப்பும் இடைக்காலக் கோட்டையும் பார்க்க பாரிஸ், லிஸ்பன் இரண்டுமே தோது. கைவேலை கற்பதுதான் நோக்கம் என்றால் பாரிஸ். குழந்தைகளோடு போனால் தயங்காமல் லிஸ்பன்.

பாரிஸில் கற்பது குரோசான்: அடுக்கடுக்காகப் பிரியும் பிறை வடிவ வெண்ணெய் பேஸ்ட்ரி. அதில் எல்லாம் வெண்ணெயின் பதம்தான். வெண்ணெயை மாவுக்குள் வைத்து மூன்று முறை மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் இளகினால் மாவோடு கலந்து, அடுக்கு வராமல் பன்னாகிவிடும். கல்லாக இருந்தால் உள்ளேயே துண்டு துண்டாக உடையும். முறியாமல் வளைய வேண்டும். அதன்பின் ஈஸ்ட் பொங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே மூன்று மணி நேர வகுப்பு என்றால் மாவு முன்பே தயாராக இருக்கும். மடிப்பை நீங்களே செய்வீர்களா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வகுப்பு முடிந்ததும் மெட்ரோ 1-ஆம் தடத்தின் கிழக்குக் கோடியில் இறங்கினால் எதிரிலேயே வான்சென் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், சுமார் 50 மீட்டர் உயரம்.

லிஸ்பனில் கற்பது நாட்டா, அதாவது முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய சிறு டார்ட். அதன் மாவு எளிது: சுருட்டி, வெட்டி, ஈரக் கட்டைவிரலால் அச்சில் பரப்பினால் போதும். ஓவன் 250 டிகிரிக்குக் குறைந்தால் மேலே கரும்புள்ளி விழுவதற்குள் கஸ்டர்ட் திரிந்துவிடும். சிரமமெல்லாம் ஏற்றத்தில்தான். 1147-இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கஸ், அப்போது நகரை ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து கைப்பற்றிய சாவ் ஜார்ஜ் கோட்டை ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறது. கல் பாவிய சந்துகள் மழையில் வழுக்கும். மதில்மேல் நிழல் குறைவு. அதனால் காலையில் கோட்டை, மதியம் வகுப்பு.